மிதக்காத இரும்பு

அன்பு மருமகளுக்கு,

கால்பந்து வர்ணனையில் மார்செய் நகரத்தைப் ‘போக்கேயர் நகரம்’ என்கிறார்களே, யார் அந்தப் போக்கேயர் என்று கேட்டிருந்தாய். இன்றைய துருக்கியில், இஸ்மிருக்கு வடமேற்கே ஃபோச்சா என்று ஒரு சிறிய கடற்கரை ஊர் உண்டு. கிரேக்கர்கள் வாழ்ந்த பழைய போக்கேயா அதுதான். அவ்வூரார் கி.மு. 600 வாக்கில் கடல் கடந்து போய் உண்டாக்கியதே மார்செய்.

கிரேக்கர்களில் முதன்முதலாக நெடுந்தூரக் கடலோடியவர்கள் இவர்களே என்கிறார் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ். சரக்குக் கப்பலில் அல்ல, ஐம்பது துடுப்புப் போட்ட போர்க்கப்பலில். ஸ்பெயினின் தென்கரையில் தார்த்தெசோஸ் மன்னருக்கு இவர்களைப் பிடித்துப்போய், ஊருக்கு மதில் கட்டப் பணத்தை அள்ளிக் கொடுத்தாராம். அவர் 120 வயது வாழ்ந்தாராம். அதை நீ நம்ப வேண்டியதில்லை.

கி.மு. 546 வாக்கில் பாரசீகத் தளபதி ஹார்பகஸ் ஊரை வளைத்தார். ஒரு கொத்தளத்தை இடித்து, ஒரு வீட்டைப் பாரசீக மன்னருக்கென்று விட்டால் போதும் என்றார். யோசிக்க ஒரு நாள் கேட்டார்கள். அதுவரை படையை விலக்கச் சொன்னார்கள். என்ன செய்யப்போகிறார்கள் என்று தெரிந்தேதான் அவர் விலகினார். அன்றே பெண்டு பிள்ளைகள், தட்டுமுட்டுச் சாமான்கள், கோயில் சிலைகள் எல்லாம் கப்பலேறின.

கியோஸ் தீவுக்காரர்களிடம் சில சிறு தீவுகளை விலைக்குக் கேட்டார்கள். தங்கள் வியாபாரம் படுத்துவிடும் என்று அவர்கள் மறுத்தார்கள். போக்கேயர் உடனே ஊர் திரும்பி, பாரசீகக் காவல்படையை வெட்டிச் சாய்த்தார்கள். ஓர் இரும்புக் கட்டியைக் கடலில் போட்டு, இது மிதக்கும்வரை திரும்பமாட்டோம் என்று சத்தியம் செய்தார்கள். ஆனால் பாதிப்பேருக்கு மேல் ஊர் நினைப்பு தாளாமல் திரும்பிவிட்டார்கள். அவர்களைக் கோழைகள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மற்றவர்கள் கோர்சிகாவுக்குப் போனார்கள். அங்கே கார்த்தேஜியரும் எட்ரூஸ்கரும் சேர்ந்து 120 கப்பல்களில் வந்தார்கள். 60 கப்பல்களோடு எதிர்த்து வென்றும், அதில் 40 போயிற்று. பிறகு தென் இத்தாலியில் எலெயாவில் குடியேறினார்கள். தத்துவ ஞானி பர்மெனிடீஸின் ஊர் அது.

திரும்பியவர்கள்? கி.மு. 494இல் பாரசீகரை எதிர்த்து லாடே தீவருகே கிரேக்கக் கப்பல்கள் 353 திரண்டபோது, போக்கேயா அனுப்பியது மூன்றே மூன்று. ஆனால் மொத்தக் கடற்படைக்கும் பயிற்சி தந்தவர் அவ்வூர் டயோனிசியஸ்தான். ஏழு நாள் வெயிலில் துடுப்புப் போட்டதும் மற்றவர்கள் முரண்டுபிடித்து நிழலில் படுத்துவிட்டார்கள். போரிலும் தோற்றார்கள். ஊர் இனித் தப்பாது என்று கண்ட டயோனிசியஸ், சிசிலிக்குப் போய்க் கடற்கொள்ளையில் இறங்கினார். கிரேக்கக் கப்பல்களைத் தொடுவதில்லை. கார்த்தேஜியரையும் எட்ரூஸ்கரையும் விட்டுவைப்பதில்லை. கோர்சிகாக் கணக்கு அவர் மனத்தில் இருந்திருக்கும் என்பது என் ஊகம்.

அன்புடன்,
மாமா