என் வீட்டு இரண்டு கற்கள்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. (இயற்பியல்)

"கல்லைக் கண்டால் நாயைக் காணோம், நாயைக் கண்டால் கல்லைக் காணோம்" என்பது நாம் அனைவரும் அறிந்த பழமொழி. கல் என்பது எறிவதற்கும், கடைக்கால் போடுவதற்கும், துணி துவைப்பதற்கும் உரிய பொருள் என்றே நானும் சென்ற ஆண்டு வரை எண்ணியிருந்தேன். எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்த இரண்டு கற்கள் அந்த எண்ணத்தை மாற்றின. அவற்றைப் பற்றி நான் கற்றுக்கொண்டதை மாணவத் தோழர்களுடன் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதல் கல்

என் தாய்மாமன் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். நான்கு நாள் விடுமுறை கிடைத்தபோது நண்பர்களுடன் மலேசியாவின் கடற்கரை ஒன்றுக்குச் சென்றாராம். சென்ற தைப் பொங்கலுக்கு ஊருக்கு வந்தபோது எனக்கென்று ஒரு கூழாங்கல் கொண்டுவந்தார். கோழி முட்டை போன்ற வடிவம், கரும்பச்சை நிறம், நடுவே வெள்ளைக் கோடு. "படிக்கிற பிள்ளைக்கு மேசை மேலே காகிதம் பறக்காம இருக்க உதவும்" என்று சொல்லிக் கொடுத்தார். தேர்வாய் கண்டிகையில் பிறந்து, கடல் என்றால் பழவேற்காட்டைத் தவிர வேறொன்றும் அறியாத எனக்கு அந்தக் கல் பெரும் பொக்கிஷமாகத் தோன்றியது.

இரண்டாம் கல்

இரண்டாம் கல் எட்டு ஆண்டுகளாக எங்கள் வீட்டுத் திண்ணையில் கிடப்பது. உள்ளங்கை அளவு, பழுப்பு நிறம், ஒரு முனை கூர்மை, மறுமுனை தடிப்பு. என் தந்தையார் சரளை மண் வெட்டி வண்டியில் ஏற்றும் கூலி வேலை செய்பவர். வெட்டுகையில் கிடைத்த அக்கல் கைக்கு அடக்கமாக இருக்கவே, அரிவாள் தீட்ட உதவும் என்று வீட்டுக்கு எடுத்து வந்தார். அன்று முதல் அதில்தான் அரிவாளும் கொடுவாளும் தீட்டி வந்தார்.

மாமா தந்த கல்லைப் பேராசிரியரிடம் காட்டப் பெருமையோடு எடுத்துச் சென்றேன். உடன் இருக்கட்டும் என்று திண்ணைக் கல்லையும் பைக்குள் போட்டுக்கொண்டேன். பேராசிரியர் மாமாவின் கல்லைப் பார்த்து, "அழகாக இருக்கிறது. எந்தக் கடற்கரை?" என்றார். அன்று மாலை மாமாவிடம் தொலைபேசியில் கேட்டேன். "லங்காவியா, பினாங்கா, சரியா நினைவில்லையேப்பா" என்றார். திண்ணைக் கல்லைக் கையில் எடுத்தபோதோ பேராசிரியர் நெடுநேரம் பேசவில்லை. புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இது எங்கே கிடைத்தது? எவ்வளவு ஆழத்தில்? எந்த மண்ணில்?" என்று மூன்று கேள்விகள் கேட்டார். ஒன்றுக்கும் எனக்கு விடை தெரியவில்லை.

கடற்கரைக் கல் ஏன் உருண்டையாக உள்ளது?

பாறையிலிருந்து உடைந்து விழும் கல் முதலில் முனைகளும் விளிம்புகளும் உடையதாகவே இருக்கும். அலையோ ஆறோ அதை உருட்டும்போது, பக்கத்துக் கற்களோடு மோதுவதும் உரசுவதும் முனைகளே. நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி முதலில் தேய, எஞ்சுவது வழவழப்பான கூழாங்கல். மென்மையான கற்கள் தேய்ந்து மணலும் சேறும் ஆகிவிட, கடினமானவை நிலைத்து நிற்கும். குவார்ட்ஸ் என்னும் கனிமம் மோஸ் கடினத்தன்மை அளவில் 7ஆம் படியில் உள்ளது. எஃகுக் கத்தியாலும் அதைக் கீற இயலாது. ஆகவேதான் உலகின் பெரும்பாலான கடற்கரை மணலில் குவார்ட்ஸ் மிகுதியாகக் காணப்படுகிறது.

மனிதன் செய்த கருவி இதற்கு நேர் எதிரானது. நம் மாவட்டத்து ஆதிமனிதன் பெரிதும் பயன்படுத்தியது குவார்ட்சைட் என்னும் கல். அதன்மேல் மற்றொரு கல்லால் ஓங்கி அடித்தால் சிப்பியின் உட்புறம் போன்ற வளைந்த பள்ளத்துடன் சில்லு பெயரும். பெயர்ந்த சில்லில், அடி விழுந்த இடத்தை ஒட்டிச் சிறு புடைப்பு இருக்கும். இயற்கையில் உடைந்த கல்லில் ஓரிரு பள்ளங்கள் தாறுமாறாக இருக்கலாம். ஆனால் இருபுறமும் ஒழுங்காகச் சில்லுகள் பெயர்க்கப்பட்டு, அவை சந்திக்கும் இடத்தில் விளிம்பு ஓடுமானால், அங்கே ஒரு மனிதனின் எண்ணம் இருந்தது எனலாம். அவ்விளிம்பு மழுங்காமல் இருந்தால், அக்கல் வெள்ளத்தில் நெடுந்தூரம் உருண்டு வரவில்லை, செய்த இடத்துக்கு அருகிலேயே கிடந்தது என்றும் ஊகிக்கலாம்.

அயல்நாட்டார் ஒருவர் பொறுக்கிய கல்

மாமா அயல்நாட்டில் கல் பொறுக்கினார். நம் நாட்டுக்கு வந்து கல் பொறுக்கிய அயல்நாட்டார் ஒருவரையும் இங்கு நினைவுகூர வேண்டும். அவர் இராபர்ட் புரூஸ் ஃபூட். இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் பணியாற்ற 1858ஆம் ஆண்டு வந்தவர். 1863ஆம் ஆண்டு மே 30ஆம் நாள், பல்லாவரத்தில் படையினரின் அணிவகுப்புத் திடலை ஒட்டிச் சரளை வெட்டிய குழி ஒன்றில் கற்கருவி ஒன்றைக் கண்டெடுத்தார். அப்போது அவருக்கு வயது 28. அதே ஆண்டு செப்டம்பரில் அவரும் வில்லியம் கிங் என்பவரும் கொசஸ்தலை ஆற்றுப் படுகையில் உள்ள அத்திரம்பாக்கத்தில் மேலும் பல கருவிகளைக் கண்டனர். இந்தியாவில் பழைய கற்கால மனிதன் வாழ்ந்தான் என்பதற்குக் கிடைத்த முதற்சான்றுகள் இவையே.

அந்தக் குழியில் ஃபூட்டுக்கு முன்பு எத்தனையோ கூலியாட்கள் மண்வெட்டியோடு நின்றிருப்பார்கள். அவர்களுக்கும் கண் இருந்தது. ஆயினும் பிரான்சு நாட்டின் சோம் ஆற்றுச் சரளையில் கற்கருவிகள் கிடைத்ததையும், 1859ஆம் ஆண்டில் அறிஞர்கள் அவற்றை ஏற்றுக்கொண்டதையும் ஃபூட் அறிந்திருந்தார். எதைத் தேடுவது என்று அறிந்த கண்ணுக்கே அது தென்படும். அவர் சேர்த்த பெருந்தொகுதியைச் சென்னை அரசு 1904ஆம் ஆண்டில் விலைக்கு வாங்கியது. எழும்பூர் அருங்காட்சியகத்தின் செல்வங்களில் அதுவும் ஒன்று. எங்கே, எந்த மண்ணில் கிடைத்தவை என்று குறித்து வைத்ததனால்தான் அவை வெறும் கற்குவியலாகாமல் சான்றுகளாயின.

கல்லின் வயதை அளப்பது எவ்வாறு?

இயற்பியல் மாணவன் என்ற முறையில் என்னை மிகவும் கவர்ந்த பகுதி இது. அத்திரம்பாக்கத்தில் 1999ஆம் ஆண்டு முதல் சாந்தி பப்பு அவர்களின் குழுவினர் அகழாய்வு செய்தனர். அங்குக் கிடைத்த கருவிகளின் சராசரி வயது ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுகள் என்றும், குறைந்தது 10 லட்சம் ஆண்டுகளுக்கு மேற்பட்டவை என்றும் 2011ஆம் ஆண்டில் அறிவித்தனர்.

இக்கணக்கு எவ்வாறு போடப்பட்டது? விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் தரைமேல் கிடக்கும் குவார்ட்ஸைத் தாக்கும்போது, அதிலுள்ள சிலிக்கனிலிருந்து அலுமினியம்-26, ஆக்சிஜனிலிருந்து பெரிலியம்-10 என்னும் கதிரியக்க அணுக்கள் மிகச் சிறிய அளவில் உண்டாகின்றன. அவை ஏறத்தாழ 7க்கு 1 என்ற விகிதத்தில் உண்டாகும். கல் ஆழமாகப் புதைந்துவிட்டால் புதிய அணுக்கள் உண்டாவது பெரும்பாலும் நின்று, இருந்தவை சிதையத் தொடங்கும். அலுமினியம்-26இன் அரை ஆயுள் சுமார் 7 லட்சம் ஆண்டு; பெரிலியம்-10க்குச் சுமார் 14 லட்சம் ஆண்டு. 14 லட்சம் ஆண்டுகள் கழிந்தால் முன்னது நான்கில் ஒரு பங்காகும், பின்னது பாதியாகும். எனவே 7க்கு 1 என்ற விகிதம் மூன்றரைக்கு 1 என்று குறையும். விகிதத்தை அளந்தால் கல் புதைந்த காலம் தெரியும். நாம் வகுப்பில் போடும் அரை ஆயுள் கணக்குதான் இது!

மற்றொரு முறை ஒளி உமிழ்வு முறை. புதைந்த மணல் துகள்கள் சுற்றியுள்ள மண்ணின் கதிரியக்கத்தால் ஆற்றலைச் சிறிது சிறிதாகச் சேமிக்கின்றன. ஆய்வகத்தில் ஒளியூட்டினால் அச்சேமிப்பை ஒளியாக வெளியிடுகின்றன. எவ்வளவு ஒளியோ அவ்வளவு காலம். அத்திரம்பாக்கத்தின் மேலடுக்குகளில் உள்ள இடைப் பழங்கற்காலக் கருவிகள் சுமார் 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே தோன்றிவிட்டன என்று 2018ஆம் ஆண்டில் வெளியிட்டது இம்முறையினால்தான். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அத்துகள்கள் மீது ஒருமுறை வெயில் பட்டால் போதும், சேமிப்பு அழிந்து கடிகாரம் பூச்சியத்துக்குத் திரும்பிவிடும். மண்ணைப் புரட்டிக் கரையில் கொட்டும் ஒவ்வொரு முறையும் நாம் ஒரு கடிகாரத்தை அழிக்கிறோம்.

அப்பாவின் விடை

பேராசிரியரின் மூன்று கேள்விகளையும் இரவு சாப்பிடும்போது அப்பாவிடம் கேட்டேன். எட்டு ஆண்டுக்கு முந்தையது, மறந்திருப்பார் என்றே நினைத்தேன். அவர் சற்றும் தயங்காமல் சொன்னார்: "மேற்கால காட்டோரம், ரெண்டு பனைமரம் நிக்குதே, அதுக்குத் தெக்கால. மேல முழங்கால் மட்டும் செம்மண்ணு. அதுக்குக் கீழ சரளை. சரளையும் களிமண்ணும் சேர்ற எடத்துல கெடந்துச்சு. இடுப்பளவு பள்ளம் இருக்கும்."

எழுதப் படிக்க அறியாத என் தந்தையார் கூறியது முழுமையான கள ஆய்வுக் குறிப்பு என்று மறுநாள் பேராசிரியர் சொன்னபோது எனக்குக் கண் கலங்கியது. கடல் கடந்து வந்த கல்லுக்கு முகவரி இல்லை. திண்ணைக் கல்லுக்கு முகவரி இருந்தது.

பின்னர் ஒரு ஞாயிற்றுக்கிழமை, 1985ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட பூண்டி அருங்காட்சியகத்துக்கு அப்பாவையும் அழைத்துச் சென்றேன். கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த கைக்கோடரிகளை அவர் ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தார். எங்கள் கல்லின் ஒரு புறம் அவற்றைப் போலவே இருந்தது. மறுபுறத்தில் சில்லுப் பள்ளங்கள் இருந்திருந்தாலும் இப்போது இல்லை. எட்டு ஆண்டுகள் அரிவாள் தீட்டித் தீட்டி வழவழப்பாகிவிட்டது. ஆகவே அது கருவிதான் என்று அறுதியிட்டுக் கூற இயலாது என்றே பேராசிரியர் முடிவு சொன்னார். அப்பா திரும்பும் வழியெல்லாம் பேசவில்லை. வீட்டுக்கு வந்ததும், "தெரியாமப் பண்ணிட்டேன்டா" என்றார். சொல்லித்தர ஆள் இல்லாதது அவர் குற்றமாகுமா?

கல் சேர்ப்போர் கவனத்திற்கு

கடற்கரைக்குச் செல்வோர் ஆளுக்கொரு கல் எடுப்பதால் என்ன குறைந்துவிடும் என்று கேட்கலாம். இத்தாலியின் சார்டினியாத் தீவில் 2017ஆம் ஆண்டுச் சட்டப்படி மணலோ கல்லோ எடுத்தால் அபராதம் உண்டு. 2019ஆம் ஆண்டில் அங்கிருந்து சுமார் 40 கிலோ மணலை வண்டியில் கொண்டு செல்ல முயன்ற பிரெஞ்சு இணையர் பிடிபட்டனர். நம் நாட்டிலும் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் தொல்பொருள்களைத் தனியார் வெளிநாட்டுக்குக் கொண்டு செல்வதைத் தடுக்கிறது.

ஆகவே சந்தேகத்துக்குரிய கல்லைக் கண்டால் நாம் செய்ய வேண்டியவை இவை: கூடுமானவரை அதை எடுக்காமல், கிடந்த நிலையிலேயே அளவுகோல் வைத்துப் படம் எடுக்க வேண்டும். இடம், ஆழம், மண்ணின் நிறம், நாள் ஆகியவற்றைக் குறிக்க வேண்டும். கழுவவோ தீட்டவோ கூடாது. நாமே தோண்டவும் கூடாது. ஆசிரியருக்கோ தொல்லியல் துறைக்கோ தெரிவிக்க வேண்டும்.

முடிவுரை

எங்கள் ஊர் மாறிவருகிறது. ஆடு மாடு மேய்ந்த காட்டுநிலத்தில் இன்று சிப்காட் தொழிற்பூங்கா நிற்கிறது. சென்னைக்குக் குடிநீர் தரும் கண்ணன்கோட்டை–தேர்வாய் கண்டிகை நீர்த்தேக்கம் 2020ஆம் ஆண்டு நவம்பரில் திறக்கப்பட்டது. தொழிலும் வேண்டும், நீரும் வேண்டும், சாலையும் வேண்டும். சாலைக்குச் சரளை வேண்டும். அச்சரளை வெட்டிய கூலியில்தான் நான் இக்கல்லூரியில் கட்டணம் கட்டிப் படிக்கிறேன். எனவே வெட்டாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வெட்டுமுன் அறிந்தவர் ஒருவர் ஒருமுறை பார்க்கட்டும், வெட்டுகிறவருக்கு எது கருவி என்று ஒருமுறை காட்டட்டும் என்று மட்டுமே கேட்கிறேன். நம் மாவட்டத்து அரசுக் கல்லூரி மாணவர்கள் விடுமுறையில் இப்பணியைச் செய்யலாம். நம்மில் பலருடைய பெற்றோர் மண்ணோடு வேலை செய்பவர்கள்தாமே!

மாமாவின் கல் என் மேசைமேல் காகிதங்களைக் காத்துக்கொண்டிருக்கிறது. அப்பா கடையில் சாணைக்கல் ஒன்று வாங்கிவிட்டார். திண்ணைக் கல்லை ஒரு துணியில் சுற்றி, அவர் சொன்ன இடக்குறிப்பை நான் எழுத, அச்சீட்டையும் உடன் வைத்து, தம் பெட்டியில் பூட்டி வைத்திருக்கிறார். சென்ற மாதம் வேலையிடத்திலிருந்து எனக்குத் தொலைபேசியில் பேசினார். "ஒரு கல்லு தெரியுதுடா. நான் தொடல. நீ வந்து பாரு" என்றார்.