சொன்ன தொகையும் வந்து சேரும் தொகையும்: கடல் கடந்து ஆடும் கூடைப்பந்து வீரர் எந்த லீக்குக்குப் போகலாம்?

2006ஆம் ஆண்டு என்பிஏ டிராஃப்டில் 35ஆவது ஆளாகத் தேர்வானவர் பி. ஜே. டக்கர். டொராண்டோ அணிக்கு 17 ஆட்டங்கள் ஆடினார். அடுத்த மார்ச்சில் அணி அவரை விடுவித்துவிட்டது. பிறகு ஐந்து ஆண்டுகள் இஸ்ரேல், உக்ரைன், கிரீஸ், இத்தாலி, ஜெர்மனி, இடையில் பியூர்ட்டோ ரிக்கோ என்று பெட்டியும் கையுமாக ஊர் ஊராகப் போய் ஆடினார். 2012இல் ஃபீனிக்ஸ் அணி அவரை மறுபடி என்பிஏவுக்கு அழைத்தது. 2021இல், 36 வயதில், மில்வாக்கி அணியோடு கோப்பையையே வென்றார்.

எங்கே போனாலும் ஒருநாள் திரும்பி வந்துவிடலாம் என்ற நம்பிக்கையை இந்தக் கதை தரும். அது ஆயிரத்தில் ஒருவருக்கு நடப்பது. நான் இதில் பார்ப்பது வேறொன்று. 2008இல் இஸ்ரேலின் ஹோலோன் அணி பட்டம் வென்று, மக்காபி டெல் அவிவின் 14 ஆண்டுத் தொடர் ஆதிக்கத்தை முடித்து வைத்தது. அந்த அணியின் தூண் டக்கர். 2012இல் ஜெர்மனியின் பாம்பெர்க் பட்டம் வென்றபோது இறுதிச் சுற்றின் சிறந்த வீரரும் அவரே. பெரிய கிளப்பின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தால் இது நடந்திருக்காது. தன் கையில் பந்து வரும் இடத்தில் அவர் ஆடினார்.

என்பிஏவில் 30 அணிகள், அணிக்கு 15 முழு ஒப்பந்தங்கள். மொத்தம் 450 இடங்கள்தான். கல்லூரி முடித்து வெளியே நிற்கிற பெரும்பாலான அமெரிக்க இளைஞர்களுக்கு ஜூலை, ஆகஸ்டில் ஏஜென்டிடமிருந்து வரும் போன்தான் வாழ்க்கையைத் தீர்மானிக்கிறது.

முதல் கேள்வி, உள்ளூரிலேயே என்பிஏவின் வளர்ப்பு லீக்கான ஜி லீக்கில் இருப்பதா, விமானம் ஏறுவதா என்பது. 2018–19 பருவத்தில் ஜி லீக் வீரருக்கு ஐந்து மாதத்துக்குச் சம்பளம் 35,000 டாலர். நடுத்தர ஐரோப்பிய கிளப் ஒன்றே அதைத் தாண்டிவிடும். வீடு, கார், விமானச் சீட்டு எல்லாம் கிளப் பொறுப்பு. ஒப்பந்தத்தில் எழுதும் தொகை பெரும்பாலும் வரி போகக் கையில் வருவது. ஏஜென்டின் கமிஷனையும் பல நாடுகளில் கிளப்பே கொடுத்துவிடும். ஜி லீக்கின் ஒரே கவர்ச்சி, என்பிஏ கண்முன்னே நிற்பது: பத்து நாள் ஒப்பந்தம், ஜி லீக்குக்கும் என்பிஏவுக்கும் இடையே போய்வர விடும், 2017இல் வந்த இருவழி ஒப்பந்தம். ஏதாவது ஓர் என்பிஏ அணி உண்மையாகவே பெயர் சொல்லி விசாரித்திருந்தால் ஒரு வருடம் அங்கே இருந்து பார்க்கலாம். இரண்டாவது வருடமும் காத்திருப்பதை நான் யாருக்கும் சொல்லமாட்டேன். 23 வயதில் வீணாகும் பருவம் 33இல் திரும்ப வராது.

ஐரோப்பாவுக்குப் போவதென்றால், முதல் வேலைக்கு என் தேர்வு ஜெர்மனி. 12 பேர் பட்டியலில் ஆறு பேர் ஜெர்மானியராக இருக்க வேண்டும் என்பது அங்குள்ள விதி. மீதி ஆறு இடங்களில் ஒன்று கிடைத்தால் நிமிடங்கள் தாராளமாகக் கிடைக்கும். சம்பளம் கொழுத்தது அல்ல. ஆனால் தேதியில் வரும் என்ற பெயர் அந்த லீக்குக்கு வீரர்களிடையே உண்டு. ஸ்பெயின் லீக் தரத்தில் மேலானது. அங்கே ஆட்டம் அறிவால் நடப்பது. புதிதாக வருபவர் முதல் மாதமே திணறினால் நவம்பரில் வேறொருவர் அவர் சட்டையைப் போட்டிருப்பார். வெளிநாட்டு வீரரின் கதியே அது: அணி தோற்றால் பயிற்சியாளருக்கு முன்பே அவர் பெட்டி கட்ட வேண்டியிருக்கும்.

துருக்கி, கிரீஸ், இத்தாலியிலிருந்து வரும் தொகை பெரிதாக இருக்கும். அரங்கம் அதிரும் ரசிகர்கள், ஐரோப்பாவின் உச்சப் போட்டியான யூரோலீக் வரை போகும் ஏணி, எல்லாம் உண்டு. அமெரிக்க வீரர் மைக் ஜேம்ஸ் ஏறியது அப்படித்தான். 2012இல் குரோஷியாவில் தொடங்கி, இத்தாலியின் கீழ்ப்பிரிவு, கிரீஸின் ரோட்ஸ் தீவு என்று சுற்றிய அவர், 2024இல் யூரோலீக் வரலாற்றிலேயே அதிகப் புள்ளிகள் குவித்தவரானார். ஆனால் கிளப்பின் முதலாளி கைவிட்டாலோ, விளம்பரதாரர் விலகினாலோ, ஜனவரிச் சம்பளம் மார்ச்சிலும் வராத கிளப்புகள் இந்தப் பெரிய தொகைகளுக்கு நடுவே உண்டு. அந்நிய ஊரில், மொழி தெரியாமல், மனைவி குழந்தையோடு, மூன்று மாதம் சம்பளமில்லாமல் ஆடுவது என்ன கொடுமை என்பதைச் சொல்லி விளங்கவைக்க முடியாது.

அதனால்தான் எந்த நாடு என்பதைவிட ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதை முதலில் பார்க்கச் சொல்கிறேன். சர்வதேசச் சம்மேளனமான ஃபிபா 2007இல் ஜெனீவாவை இருப்பிடமாகக் கொண்டு ஒரு நடுவர் தீர்ப்பாயம் அமைத்தது. ஒரே நடுவர், எழுத்துமூல வழக்கு. நாட்டுக்கு நாடு மாறும் சட்டங்களுக்குள் சிக்காமல் நியாயம் எது என்று பார்த்துத் தீர்ப்பு. கிளப் பணம் கொடுக்காவிட்டால் புதிய வீரர்களைப் பதிவு செய்ய ஃபிபா தடை போடும். கிளப்புக்கு வலிக்கும் இடம் அதுதான். ஆனால் தகராறு இந்தத் தீர்ப்பாயத்துக்குப் போகும் என்ற வரி ஒப்பந்தத்தில் இருந்தால்தான் கதவு திறக்கும். அந்த வரி இல்லாத காகிதத்தில், எத்தனை பூஜ்யங்கள் இருந்தாலும், கையெழுத்துப் போடக் கூடாது.

இன்னும் இரண்டு வரிகள் வேண்டும். இத்தனை நாள் தாமதமானால் பயிற்சிக்கு வராமலிருக்கலாம், இத்தனை நாள் தாண்டினால் விலகி மீதித் தொகை முழுவதையும் கேட்கலாம் என்பது ஒன்று. மற்றது மருத்துவப் பரிசோதனை பற்றியது. வந்து இறங்கிய சில நாட்களுக்குள் அது முடிய வேண்டும். முடிந்ததும் ஒப்பந்தம் உறுதியாகிவிட வேண்டும். இல்லையென்றால் இரண்டு வாரம் ஆட வைத்துப் பார்த்துவிட்டு, முழங்கால் சரியில்லை என்று அனுப்பிவிட வழி இருக்கிறது. வேறு நாட்டுக்கு மாறும்போது பழைய நாட்டுச் சம்மேளனத்தின் தடையில்லாச் சான்றும் தேவைப்படும் என்பதால் பிரியும்போது சண்டையில் பிரியாமலிருப்பது நல்லது.

ஆசியா வேறு உலகம். இங்கே வெளிநாட்டு வீரர் ஆட்டம் முழுக்க அணியைத் தோளில் சுமக்க வேண்டும். சீனா பணம் தரும். முன்னாள் என்பிஏ வீரர் ஸ்டெஃபான் மார்பரி 2012, 2014, 2015 என்று பெய்ஜிங்குக்கு மூன்று பட்டங்கள் வென்று கொடுத்து, அரங்கத்துக்கு வெளியே தன் சிலையைப் பார்த்தார். ஆனால் 2011இல் என்பிஏ கதவடைப்பின்போது அங்கே போன ஜே. ஆர். ஸ்மித் போன்றவர்களால், என்பிஏ மறுபடி தொடங்கியும் சீனப் பருவம் முடியும்வரை திரும்ப முடியவில்லை. இடையில் விலகும் உரிமையை அந்த லீக் அனுமதிக்கவில்லை. திரும்பும் கனவு இருப்பவர் இதை மறக்கக் கூடாது.

கொரியாவில் விதி ஒரே நாளில் மாறும். 2018இல் வெளிநாட்டு வீரர் 200 செ.மீ.க்கு மேல் இருக்கக் கூடாது என்றார்கள். லீக்கிலேயே அதிகப் புள்ளி எடுத்த டேவிட் சைமன் 202.1 செ.மீ. என்று அளக்கப்பட்டு வேலையிழந்தார். 199.2 என்று வந்த சார்ல்ஸ் ரோட்ஸ் தப்பினார். ஒரே ஆண்டில் அந்த விதியை எடுத்தும்விட்டார்கள். சைமனுக்கு அந்தப் பருவம் போனது போனதுதான்.

பிலிப்பைன்ஸில் ஒப்பந்தம் சில மாதங்களுக்கு மட்டுமே. அணிக்கு ஒரே வெளிநாட்டவர். கையில் பந்தோடு பிறந்தவருக்கு அதைவிடப் பாசமான ஊர் கிடையாது. 2016இல் காயப்பட்ட ஒருவருக்கு மாற்றாகத்தான் ஜஸ்டின் பிரவுன்லீ ஜினெப்ரா அணிக்கு வந்தார். கடைசி நொடி மூன்று புள்ளி எறிதலால் அந்த அணியின் எட்டாண்டுக் காத்திருப்பை முடித்தார். 2023இல் அந்த நாட்டுக் குடிமகனாகி, அதே ஆண்டு ஆசிய விளையாட்டுப் போட்டியில் தங்கமும் வாங்கித் தந்தார்.

முப்பது தாண்டி, குழந்தைகள் பள்ளிக்குப் போகும் வயதில் இருந்தால் ஜப்பான்தான். 2016இல் தொடங்கிய பி.லீக்கில் பருவத்துக்கு 60 ஆட்டங்கள். பெரும்பாலும் சனி, ஞாயிறு அடுத்தடுத்து. ஞாயிறு மாலை முழங்கால் கெஞ்சும். ஆனாலும் ரயில் நேரத்துக்கு வரும், சம்பளமும் வரும்.

எந்த நாட்டிலிருந்து அழைப்பு வந்தாலும், கையெழுத்துக்கு முன்னால் ஒரு போன் பாக்கி இருக்கிறது. போன வருடம் அதே அணியில் ஆடியவர் யார் என்று கண்டுபிடித்து, ஏஜென்டை நடுவில் வைக்காமல் அவரிடமே கேட்க வேண்டும்: தேதியில் பணம் வந்ததா? காயப்பட்டபோது யார் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள்? கடைசி மாதச் சம்பளம் ஊர் திரும்பும் முன் கைக்கு வந்ததா, பிறகு வந்ததா? மூன்றாவது கேள்விக்கு அவர் பதில் சொல்லத் தயங்கினால், இன்னொரு அழைப்புக்காக இரண்டு வாரம் பொறுத்திருக்கலாம்.