கேரல் பாட்டு உயிரோடு ஒலிக்க...

டிசம்பர் நெருங்கினால் தச்சநல்லூர், பாளையங்கோட்டைப் பக்கம் கொயர் பயிற்சி களைகட்டிவிடும். ராகம் சரியாக இருந்தும் பாட்டு ஒப்பிப்பதுபோல் கேட்கிறதா? இப்படிப் பழகுங்கள்:

1. கீபோர்டை நிறுத்திவிட்டு, வரிகளைப் பேசுவதுபோல் வாசியுங்கள். பொருள் பிடிபட்டால்தான் எந்தச் சொல்லை அழுத்துவது என்று தெரியும்.

2. மூச்செடுக்கும் இடங்களை எல்லாரும் பென்சிலால் குறியுங்கள். ஆளுக்கோர் இடத்தில் மூச்செடுத்தால் சொல் நடுவில் அறுந்துபோகும்.

3. உயிரெழுத்தை நீட்டுங்கள், கடைசி 'ன்', 'ம்' கையசைவுக்கு ஒன்றாக முடியட்டும். முந்தி மூடினால் பாட்டு மூக்கால் முனகும்.

4. ‘சைலன்ட் நைட்’ போன்ற பாட்டுக்கு ட்ரம்ஸைத் தவிர்த்து மெல்லப் பாடுங்கள். 1818-இல் முதன்முதலில் பாடியபோதே துணைக்கு இருந்த வாத்தியம் ஒரு கிட்டார்தான்.

5. முதல் சரணத்தைப் பெண்குரல்கள் மட்டும், கடைசிச் சரணத்தை நாலு குரலும் பாடட்டும். ஒரே மெட்டு திரும்பத் திரும்ப வந்தாலும் சலிக்காது.

6. கேரல் ரவுண்ட்ஸ் கிளம்புமுன் ஒருநாள் வெட்டவெளியில் பாடிப் பாருங்கள். கோயில் சுவர் தரும் எதிரொலி தெருவில் கிடைக்காது. அதற்காகக் கத்தினால் மறுநாளே தொண்டை கட்டிக்கொள்ளும்.

7. ஃபிளாஸ்கில் வெந்நீர் இருக்கட்டும். மழையும் பனியும் சேரும் நேரத்தில் ஐஸ் வாட்டர் தொண்டைக்கு ஆகாது.