மருந்துக்கடை படிப்பில் உயிர் காக்கும் பாடம் – நாமும் கற்போம்



நம்ம ஊரில் யாராவது திடீரென்று மயங்கி விழுந்தால் முதலில் எங்கே ஓடுகிறோம்? பக்கத்து மெடிக்கல் கடைக்குத்தான். அந்தக் கடைக்கான டி.பார்ம் படிப்புக்கு 2020-ல் புதிய விதிமுறை வந்தது. அதில் உயிர் காக்கும் முதலுதவி ஒரு செய்முறைப் பாடம். இது புத்தகத்தைப் படித்தால் மட்டும் வராது. தையல் மாதிரி, கை பழக வேண்டும். அதனால்தான் இதைப் பொம்மை வைத்துச் சொல்லித் தருகிறார்கள்.

ஏன் இந்த அவசரம்?

இதயம் நின்றால் மூளைக்கு ரத்தம் போகாது. நாலைந்து நிமிடத்தில் மூளை கெட ஆரம்பிக்கும். தமிழ்நாட்டில் 2008 முதல் 108 ஆம்புலன்ஸ் ஓடுகிறது. ஆனாலும் வண்டி நம் தெருவுக்கு வந்து சேர அதைவிட நேரமாகலாம். அதுவரை நெஞ்சை அழுத்தும் கைதான் இதயத்தின் வேலையைச் செய்கிறது.

செய்ய வேண்டியவை

1. தோளைத் தட்டிச் சத்தமாகக் கூப்பிடுங்கள். மூச்சு இருக்கிறதா என்று 10 விநாடிக்குள் பாருங்கள். விட்டு விட்டு இழுப்பதை நல்ல மூச்சு என்று நினைக்காதீர்கள்.
2. உடனே ஒருவரை 108-க்குப் போன் செய்யச் சொல்லுங்கள்.
3. கெட்டியான தரையில் மல்லாக்கப் படுக்க வையுங்கள். கட்டில் மெத்தை வேண்டாம்.
4. நடு நெஞ்சு எலும்பின் கீழ்ப்பாதியில் உள்ளங்கையின் அடிப்பாகத்தை வைத்து, அதன்மேல் அடுத்த கையை வையுங்கள். முழங்கை மடங்கக் கூடாது.
5. 5 முதல் 6 செ.மீ. ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்துங்கள். ஒவ்வொரு தடவையும் நெஞ்சு முழுதாக மேலே வரட்டும்.
6. கை சோர்ந்துவிடும். 2 நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறுங்கள். வண்டி வரும்வரை நிறுத்தாதீர்கள்.

இது பெரியவர்களுக்கான முறை. குழந்தைக்கும், தண்ணீரில் மூழ்கியவருக்கும் வாய்வழி மூச்சும் தர வேண்டும். அதைப் பயிற்சியில்தான் கற்க முடியும்.

செய்யக் கூடாதவை

வாயில் தண்ணீர், சோடா, காபி ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் போய்விடும். கையில் இரும்புச் சாவி கொடுப்பதால் பலன் இல்லை, நேரம்தான் போகும். சுற்றிக் கூட்டம் போடாதீர்கள்.

நமக்கு வரும் பயம்

"அடுத்த வீட்டு ஆம்பளை நெஞ்சுல கை வைக்கிறதா? ஊர் என்ன பேசும்?" என்று தயங்குவோம். "எலும்பு முறிஞ்சிட்டா?" என்றும் பயப்படுவோம். விலா எலும்பு முறியக்கூடும், உண்மைதான். ஆனால் முறிந்த எலும்பு கூடும். போன உயிர் திரும்புமா? பெண் விழுந்து கிடந்தாலும் இதே முறைதான். அவளைத் தொட ஆண்கள் தயங்குவார்கள். அப்போது நாம்தான் முன்னால் போக வேண்டும்.

அடுத்த குழுக் கூட்டத்தில்

- கெட்டியான தலையணையில் எல்லோரும் அழுத்திப் பழகுவோம். நல்லா இருக்கிற ஆள் நெஞ்சில் பழகக் கூடாது.
- நம் பிள்ளைகள் யாராவது பார்மசி படித்தால் வந்து செய்து காட்டச் சொல்வோம்.
- மெடிக்கல் கடைக்காரருக்கு இது தெரியுமா? கேட்போம். தெரியாவிட்டால் அவரையும் பயிற்சிக்குக் கூப்பிடுவோம்.
- ஆரம்ப சுகாதார நிலையத்தில் பயிற்சி கேட்டுத் தீர்மானம் எழுதுவோம்.