சென்னை – டொராண்டோ: எங்கே இறங்கி மாறுவது?

வீட்டில் உலக உருண்டை இருந்தால் ஒரு நூலைச் சென்னையில் வைத்து டொராண்டோ வரை இழுத்துப் பிடியுங்கள். லண்டன் பக்கமே போகாது. டெல்லியை ஒட்டி வடக்கே ஏறி, ரஷ்யாவைத் தாண்டி, கிரீன்லாந்தின் மேலேறி, கியூபெக் வழியாக இறங்கும். தூரம் சுமார் 13,400 கி.மீ. நேரடி விமானம் கிடையாது. எங்காவது மாறித்தான் ஆக வேண்டும்.

லண்டன் வழி சுமார் 13,950 கி.மீ., துபாய் வழி 14,000, டெல்லி வழி அந்த நூலின் மேலேயே. ஹாங்காங் வழிதான் 16,250ஐத் தொடும். டிக்கெட் ரொம்ப மலிவாக இருந்தாலொழிய அதை விட்டுவிடலாம். மற்ற மூன்றுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மணி நேரப் பறப்புகூட இல்லை. ஆகவே தூரத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பயணம் எந்த இடத்தில் இரண்டாக உடைகிறது என்று பாருங்கள்.

துபாயில் உடைந்தால் முதலில் நாலு மணி நேரம், பிறகு ஒரே மூச்சில் பதினாலு. முழங்கால் வலி உள்ள அம்மாவுக்கு அந்தப் பதினாலு பெரும் பாடு. லண்டனில் உடைந்தால் பதினொன்று, பிறகு எட்டு. நடுவில் எழுந்து நடக்கலாம், காலை நீட்டலாம். லண்டனிலிருந்து டொராண்டோவுக்கு ஒரு நாளைக்குப் பல விமானங்கள் இருப்பதால், ஒன்றைத் தவறவிட்டாலும் அன்றைக்கே இன்னொன்று கிடைக்க வாய்ப்புண்டு. ஆனால் தனியாகப் போகும் பெரியவருக்குத் துபாயில் ஒரு சௌகரியம்: வழி கேட்டால் தமிழிலோ மலையாளத்திலோ பதில் சொல்ல யாராவது அகப்படுவார்கள். என் அப்பா ஆங்கிலம் நன்றாகவே பேசுவார். இருந்தும் அந்த ஒரு காரணத்துக்காகவே அவருக்குத் துபாய்தான் பிடிக்கும். கைக்குழந்தையோடு போகிறவர்களுக்கும் நீண்ட இரண்டாம் கட்டம் நல்லது; தூங்கிய பிள்ளையை நடுவில் எழுப்ப வேண்டாம்.

டெல்லி, நூல் கணக்கில் முதலிடம். நடைமுறையில் என் பட்டியலில் கடைசி. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடியது. அந்த மாதிரி நாட்களில் நம் விமானங்கள் சுற்றித்தான் போக வேண்டியிருக்கிறது. திரும்பும்போது பெரும்பாலும் டெல்லியிலேயே பெட்டிகளை எடுத்து, சுங்கம் முடித்து, மறுபடி போட வேண்டும். இருபத்திமூன்று கிலோ பெட்டி இரண்டை, பதினாலு மணி நேரம் பறந்த களைப்போடு தள்ளிப் பார்த்தவருக்குத் தெரியும்.

எந்த வழியானாலும் இரண்டு கட்டமும் ஒரே டிக்கெட்டில் இருக்கட்டும். ஒருமுறை காசு மிச்சம் என்று தனித்தனியாக வாங்கினேன். முதல் விமானம் தாமதம், இரண்டாவது போய்விட்டது; புது டிக்கெட் வாங்கியதில் மிச்சம் பிடித்ததைப் போல மூன்று மடங்கு போயிற்று. மாறுவதற்கு மூன்று மணி நேரம் இருந்தால் நிம்மதி. ஒன்றரை மணி நேரம் என்று போட்டிருந்தால், வீல்சேர் கேட்டிருக்கும் பெரியவர்களுக்கு வேண்டாம். லண்டன், ஃபிராங்க்ஃபர்ட் வழி போகிறவர்கள் டிரான்சிட் விசா விதியைப் பணம் கட்டுவதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும். கனடா விசா இருப்பவருக்கும் இல்லாதவருக்கும் விதி ஒன்றல்ல.

இன்னொன்று, அழைக்க வருகிறவருக்கு. கோடையில் டொராண்டோ நம்மைவிட ஒன்பதரை மணி நேரம் பின்னே, குளிர்காலத்தில் பத்தரை. வெள்ளி இரவு ஒன்பது மணிக்கு அங்கே ஏறி, காத்திருப்பையும் சேர்த்து இருபத்தோரு மணி நேரம் பயணம் செய்பவர் மீனம்பாக்கத்தில் இறங்குவது ஞாயிறு விடியற்காலை மூன்றரை, இல்லையென்றால் நாலரை. காரைச் சனிக்கிழமைக்குச் சொல்லிவிடாதீர்கள்.