வேலையைச் சொல்லும் புத்தகங்கள்

கேள்வி: என் அப்பா தூத்துக்குடியில் விசைப்படகு ஓட்டியவர். வயது 58. போன ஆவணியில் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. இப்போது பிடித்துக்கொண்டு நடக்கிறார். இனிக் கடலுக்குப் போகக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பார்க்க வருகிறவர்கள் தன்னம்பிக்கைப் புத்தகங்களாக வாங்கிவந்து அடுக்குகிறார்கள். நாலு பக்கம் புரட்டிவிட்டு, "இவன் யாரு எனக்குச் சொல்லுததுக்கு?" என்று மூடிவைத்துவிடுகிறார். தினமும் பேப்பரை ஒரு வரி விடாமல் படிக்கிற மனுஷன். அவருக்கு என்ன வாங்கித் தரலாம்? ஆங்கிலமானாலும் நான் வாசித்துச் சொல்வேன்.
— ஒரு வாசகி, தூத்துக்குடி

பதில்: உங்கள் அப்பா கேட்பது நியாயமான கேள்வி. முப்பது நாற்பது வருஷம் காற்றையும் நீரோட்டத்தையும் பார்த்துப் பிழைத்தவருக்கு, முகம் தெரியாத ஒருவர் 'மனம் தளராதே' என்று சொன்னால் எரிச்சல்தான் வரும். அவருக்கு அறிவுரை வேண்டாம். வேலை தெரிந்த இன்னொரு ஆளின் பேச்சு வேண்டும். புத்தகக் கடையில் நின்று நடுப்பக்கம் ஒன்றைப் பிரித்துப் பாருங்கள். அங்கே ஒரு கயிறோ, மருந்தோ, கருவியோ இருந்து, அதை வைத்து யாராவது எதையாவது செய்துகொண்டிருந்தால் வாங்குங்கள். துன்பத்தைத் தாண்டி வந்த கதைகளில் எனக்கு நம்பிக்கை தருபவை இந்த வகைப் புத்தகங்களே.

முதலில் பிரென் ஸ்மித் எழுதிய 'ஈட் லைக் எ ஃபிஷ்' (2019). ஸ்மித் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துத் தீவில் பிறந்தவர். பதினான்கு வயதில் பள்ளியை விட்டுவிட்டு மீன்பிடிக்கப் போனவர். பேரிங் கடல் வரை போய் உழைத்திருக்கிறார். அளவில்லாமல் பிடித்ததில் காட் மீன் வளம் சரிந்தது. 1992இல் கனடா அரசு காட் மீன்பிடிப்புக்குத் தடை போட்டது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் ஒரே நாளில் தொழிலிழந்தன. இனிக் கடலுக்குப் போக முடியாது என்று ஒரு ஊரே கேட்டு நின்ற காலம் அது. உங்கள் அப்பாவுக்கு அதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஸ்மித் பிறகு அமெரிக்காவின் லாங் ஐலண்ட் சவுண்டில், திம்பிள் தீவுகளுக்கு அருகே சிப்பி வளர்க்கத் தொடங்கினார். 2011இல் ஐரீன் புயல், 2012இல் சாண்டி. கடலடிக் கூண்டுகள் சேற்றில் புதைந்து சிப்பிகள் மூச்சுமுட்டிச் செத்தன. இரண்டாம் முறையும் அழிந்தபின் அவர் பண்ணையின் அமைப்பையே மாற்றினார். நங்கூரமும் மிதவையும் போட்டு, நீர்மட்டத்துக்குச் சில அடி கீழே கிடைமட்டமாகக் கயிறு கட்டினார். அதிலிருந்து கடற்பாசியும் கல்லுமக்காயும் தொங்கும். அடியில் கூண்டுகளில் சிப்பி, சேற்றுக்குள் மட்டி. புயல் பருவம் முடிந்தபின் பாசியை விதைத்து வசந்தத்தில் அறுத்துவிடுவார். அடுத்த புயல் வரும்போது கயிற்றில் அந்தப் பயிர் இருக்காது. இந்த இடத்தை நிறுத்தி வாசியுங்கள். புத்தகத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது. பிற்பகுதியில் அவர் உலகத்துக்கே திட்டம் போடத் தொடங்கிவிடுகிறார். அந்தப் பக்கங்களைத் தள்ளிக்கொண்டு போகலாம்.

அடுத்தது எலினார் கிளார்க் எழுதிய 'தி ஆய்ஸ்டர்ஸ் ஆஃப் லோக்மாரியாகேர்' (1964). பிரான்சின் பிரிட்டனிக் கரையில் தட்டைச் சிப்பி வளர்க்கும் ஒரு ஊரைப் பற்றியது. சிப்பிக் குஞ்சு முதல் சில வாரங்கள் நீரில் நீந்தித் திரியும். பிறகு கெட்டியான ஏதாவது ஒன்றில் ஒட்டிக்கொண்டுவிடும், ஆயுசுக்கும் அங்கேதான். ஆகவே வளர்ப்பவர்கள் ஓடுகளைச் சுண்ணாம்பில் முக்கிக் கடலில் வைப்பார்கள். குஞ்சு சுண்ணாம்பில் ஒட்டும். பிரிக்கும்போது சுண்ணாம்புதான் உதிரும், குஞ்சின் ஓடு உடையாது. 1970களில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தார் தூத்துக்குடியில் உண்ணும் சிப்பி வளர்த்துப் பார்த்தபோதும் சுண்ணாம்பு பூசிய ஓடுகளைத்தான் வைத்தார்கள். இந்தியாவில் வளர்ப்பு முத்து முதலில் உருவானதும் உங்கள் ஊரில்தான், 1973இல். கடைசி முத்துக்குளிப்பு 1961இல் முடிந்துவிட்டது. ஆனால் ஆராய்ச்சிக்காரர்களின் படகுகளை உங்கள் அப்பா சிறுவயதில் பார்த்திருக்கக்கூடும். கேட்டுப்பாருங்கள். அவர் பேசத் தொடங்கினால் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கேளுங்கள்.

மருத்துவப் புத்தகங்களில் சித்தார்த்த முகர்ஜியின் 'தி எம்பரர் ஆஃப் ஆல் மேலடீஸ்' (2010) புற்றுநோயின் வரலாறு. முழுவதும் வேண்டாம், எல்லாப்பிரகட சுப்பாராவ் வரும் பகுதியை மட்டும் வாசித்துக் காட்டுங்கள். பீமவரத்தில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். அறுவைச் சிகிச்சை வகுப்புக்குக் கதர் அங்கி அணிந்து போனதால் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, முழு மருத்துவப் பட்டம் கிடைக்காமல், அதற்குக் கீழான எல்.எம்.எஸ். பட்டத்தோடு வெளியே வந்தார். பாஸ்டனில் இறங்கியதும் கிடைத்த வேலை, மருத்துவமனையில் இரவில் படுக்கை விரிப்பு மாற்றுவதும் மூத்திரக் கலம் கழுவுவதும். அவருடைய சகோதரர்களை ஸ்ப்ரூ என்ற குடல்நோய் கொண்டுபோயிருந்தது. பிற்காலத்தில் லெடர்லி ஆய்வகத்தில் அவர் குழு செயற்கையாகச் செய்த ஃபோலிக் அமிலம், அந்த நோய்க்கே மருந்தாயிற்று.

அந்த அமிலத்தின் வேலையைத் தடுக்கும் அமினோப்டெரின் என்ற மருந்தையும் அவர் குழுதான் உருவாக்கி, சிட்னி ஃபார்பர் என்ற மருத்துவருக்கு அனுப்பியது. ஃபார்பர் இரத்தப் புற்றுநோய் கண்ட 16 குழந்தைகளுக்குக் கொடுத்ததில் 10 பேருக்கு நோய் பின்வாங்கியது. சில மாதங்களில் திரும்பி வந்துவிட்டது என்பதும் உண்மை. ஆனால் ஒரு வேதிப்பொருளால் குழந்தைகளின் தீவிர இரத்தப் புற்றுநோயைப் பின்வாங்க வைக்க முடியும் என்று அதற்கு முன் யாரும் காட்டியதில்லை. முடிவுகள் 1948இல் வெளிவந்தன. அதே ஆண்டு ஆகஸ்டில் சுப்பாராவ் இறந்துபோனார். அதே ஆய்வகம் தந்த மெத்தோட்ரெக்ஸேட் இன்றைக்கும் புற்றுநோய்க்கும் மூட்டுவாதத்துக்கும் எழுதித் தரப்படுகிறது. இப்படிப்பட்ட ஒரு மனிதரின் பெயரை நம் பிள்ளைகள் பள்ளியில் கேள்விப்படாமலே வளர்கிறார்கள் என்பது எனக்குத் தீராத வருத்தம்.

பக்கவாதம் என்றதும் பலர் ஜான் தொமினிக் போபியின் நூலைச் சொல்வார்கள். உடல் முழுவதும் செயலற்றுப்போய், இடது கண்ணிமையை அசைத்தே ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லி எழுதவைத்தவர். அருமையான நூல்தான். ஆனால் 1997இல் அது வெளிவந்த சில நாட்களில் அவர் இறந்துவிட்டார். தேறிவரும் மனிதருக்கு இப்போது அது வேண்டாம். அதுல் கவாண்டேயின் 'பீயிங் மார்ட்டல்' (2014) உங்களுக்கு. தண்டுவடக் கட்டியோடு வாழ்ந்த தன் தகப்பனாரிடம், 'உங்களுக்கு எது முக்கியம், எதை விட்டுக்கொடுக்க மாட்டீர்கள்' என்று மருத்துவரான ஒரு மகன் கேட்கக் கற்றுக்கொள்வதை அதில் எழுதியிருக்கிறார். தனியாக வாசித்துவிட்டு, தோதான நாளில் நீங்களும் கேளுங்கள்.

கேள்வி: ஸ்மித்தின் புத்தகத்தைப் படித்ததிலிருந்து கயிற்றில் கல்லுமக்காய் வளர்க்க ஆசை. குமரி மாவட்டத்தில் முடியுமா?
— ஒரு பட்டதாரி, நாகர்கோவில்

பதில்: ஆசையை விடாதீர்கள், ஆனால் அவர் பண்ணையை அப்படியே இங்கே இறக்க முடியாது. அவர் வளர்க்கும் பாசி குளிர்ந்த நீர்ப் பயிர். கேரளத்தின் காசர்கோட்டுப் பக்கம், படன்னாவுக்குப் போய்ப் பாருங்கள். அங்கே மகளிர் குழுக்கள் காயலில் கயிறு கட்டிப் பச்சைக் கல்லுமக்காய் வளர்க்கிறார்கள். பாறையிலிருந்து எடுத்த குஞ்சுகளைக் கயிற்றோடு வைத்து, கொசுவலைத் துணியால் சுற்றித் தைப்பார்கள். துணி நைந்துபோவதற்குள் குஞ்சு கயிற்றைப் பற்றிக்கொள்ளும். நவம்பர், டிசம்பரில் தொடங்கி மே மாதத்துக்குள் எடுத்துவிடுவார்கள். தென்மேற்குப் பருவமழையில் காயல் நீரின் உப்பு இறங்கினால் எல்லாம் செத்துவிடும்.

குமரிக்கு இரண்டு பருவமழையும் உண்டு. மணக்குடிக் கழிமுகத்தில் உப்பு எத்தனை மாதம் நிலைக்கிறது என்பதை ஒரு வருஷமாவது அளந்து பார்க்காமல் பணம் போடாதீர்கள். திறந்த கடலில் கட்டினால் ஆடி மாத அலை கயிற்றை விட்டுவைக்காது. இன்னொன்று: இந்த உயிர்கள் நீரை வடிகட்டித் தின்பவை, சாக்கடை கலந்த நீரில் வளர்ந்தால் நோயையும் சேர்த்துத் தரும். அறுவடைக்குப் பின் சுத்தமான கடல்நீரில் விட்டு உள்ளழுக்கைப் போக்க வேண்டும். அதற்கான தொட்டிச் செலவையும் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள். முந்தைய பதிலில் சொன்ன மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்துக்கு விழிஞ்ஞத்திலும் தூத்துக்குடியிலும் மையங்கள் உண்டு. உப்புக் கணக்கோடு அங்கே போங்கள்.