வேலிக்கு வெளியே உதிரும் பழம்

அன்புத் தம்பிக்கு,

போலந்து எல்லையிலுள்ள பியாவோவியேசா காட்டின் காட்டெருமைப் படத்தை அனுப்பி, "இப்படி ஓர் ஆதிக்காடு நம் பக்கம் ஏது ஐயா? எங்கு பார்த்தாலும் செம்பனைதானே?" என்று கேட்டிருந்தாய். ஜெலுபு பிள்ளை கேட்கிற கேள்வியா இது? நம் மலேசியாவில், சிம்பாங் பெர்த்தாங் பக்கத்தில்தான் பாசோ வனக்காப்பகம் இருக்கிறது. அங்கே 50 ஹெக்டர் நிலத்தை அளந்து, ஒரு சென்டிமீட்டர் பருமனுள்ள கன்றுவரை எண் கட்டியிருக்கிறார்கள். மூன்று இலட்சத்துக்கும் அதிகமான மரங்கள். 800க்கும் மேற்பட்ட இனங்கள். நீ படம் அனுப்பிய ஐரோப்பியக் காட்டில் மர இனங்கள் முப்பதைத் தாண்டாது.

அங்குள்ள மெராந்தி மரங்கள் ஆண்டுதோறும் பூப்பதில்லை. சில ஆண்டுகள் சும்மா இருந்துவிட்டுத் திடீரென்று ஒன்றாகப் பூக்கும். வானளாவிய அந்த மரத்துக்கு மகரந்தம் சுமப்பது கண்ணுக்குச் சரியாகத் தெரியாத இலைப்பேன் என்று நம் நாட்டு ஆய்வாளர்கள் அப்பானாவும் சானும் 1981இல் எழுதினார்கள். அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. போகட்டும், சொல்ல வந்தது அந்தக் காட்டின் கன்றுகளை அழிக்கும் காட்டுப்பன்றியைப் பற்றி.

"காப்பகம்" என்று பலகை நட்டாகிவிட்டது, இனிக் காட்டுக்குக் கவலையில்லை என்கிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. பாசோவின் மூன்று பக்கமும் செம்பனை. பழம் ஆண்டு முழுதும் உதிர்கிறது. காட்டுப்பன்றி இரவில் வந்து தின்றுவிட்டுக் காட்டுக்குத் திரும்புகிறது. அடித்துத் தின்னப் புலியும் இல்லை. இனம் பெருகாமல் என்ன செய்யும்? குட்டி போடும் தாய்ப்பன்றி கன்றுகளைக் கடித்து முறித்தும் வேரோடு பிடுங்கியும் குவித்து, அந்தக் குவியலுக்குள் படுக்கும். ஒரு படுக்கைக்குச் சராசரி 250 கன்றுகளுக்குமேல் போகின்றன. அத்தனையும் நாளைய மெராந்தியும் கெருயிங்கும்! தோட்ட எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்கும் அப்பால், கோடரியே படாத உட்காட்டிலும் இதே கதைதான். 24 ஆண்டுக் கணக்கைப் பார்த்தால் கன்றுகளின் அடர்த்தி 62 விழுக்காடு குறைந்துவிட்டது என்று 2017இல் வெளியான ஆய்வு சொல்கிறது. பெரிய மரங்கள் நிற்பதால் வெளியிலிருந்து பார்ப்பவனுக்கு ஒன்றும் தெரியாது.

பன்றியைத் திட்டாதே, தீனி போட்டது நாம். காட்டுக்குள் சில துண்டு நிலங்களைச் சுற்றி ஆய்வாளர்கள் வேலியிட்டுப் பார்த்தார்கள், உள்ளே கன்றுகள் தழைத்தன. ஆனால் முழுக் காட்டுக்கும் யார் வேலி போடுவது?

உங்கள் தோட்டத்தில் உதிர்ப்பழத்தை முழுதும் பொறுக்குகிறார்களா, காட்டோர நிரைகளில் கிடந்து அழுகுகிறதா என்று உன் அப்பாவிடம் கேட்டு எனக்கு எழுது. காட்டெருமைப் படம் அதற்குப் பிறகு அனுப்பலாம்.

அன்புடன்,
உன் பழைய ஆசிரியர்